கரை தெரியாத வேட்டி: முதன்முறை வாக்காளர் செய்தி படிப்பதற்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் பரப்புரை என்ற சொல்லுக்கு இழுக்கு எதுவும் கிடையாது. வேட்பாளர் திறந்த வேனில் கும்பிட்டபடி வருவதும், தெருமுனையில் மைக் செட் கட்டிப் பேசுவதும், சுவரில் சின்னம் வரைவதும் எல்லாம் பரப்புரைதான். பேசுகிறவர் எந்தக் கட்சி என்பது அவர் கட்டியிருக்கும் வேட்டியின் கரையிலேயே தெரிந்துவிடுவதால், கேட்கிறவரும் அதற்குத் தக்கபடி கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் கேட்கிறார். தொல்லை வருவது கரை தெரியாத வேட்டியால்தான். செய்தி போலவும், கருத்துக் கணிப்பு போலவும், சித்தப்பா அனுப்பிய காணொளி போலவும், அரசின் பொதுநல அறிவிப்பு போலவும் வரும் பரப்புரையை நாம் எதையும் கழிக்காமல் அப்படியே வாங்கிக்கொள்கிறோம். இந்தக் கட்டுரை, 18 வயது நிரம்பி வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்துவிட்டு, இனிமேல்தான் அரசியல் செய்திகளை ஊன்றிப் படிக்கத் தொடங்கப்போகும் ஒருவருக்காக எழுதப்பட்டது.

தொடங்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை உண்டு. எல்லா ஊடகமும் பொய் என்று கைகழுவிவிடுவது அறிவாளித்தனம் போலத் தோன்றினாலும், பரப்புரை செய்கிறவருக்கு அதைவிட வசதியான வாக்காளர் வேறு யாரும் இல்லை. எந்தச் செய்தியையும் நம்பாதவர் கடைசியில் தனக்குப் பிடித்ததை மட்டுமே நம்புகிறவராக ஆகிவிடுகிறார்.

முதல் படி: உங்களுக்குச் செய்தி எங்கிருந்து வருகிறது என்று எழுதிப் பாருங்கள்

ஒரே ஒரு நாள், காலையில் எழுந்ததிலிருந்து உறங்கும்வரை, அரசியல் தொடர்பாக உங்கள் கண்ணில் பட்டவை எந்த வழியாக வந்தன என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். வீட்டில் ஓடும் தொலைக்காட்சி, டீக்கடையில் கிடக்கும் நாளிதழ், குடும்ப வாட்ஸ்அப் குழு, யூடியூபில் தானாக அடுத்து ஓடிய காணொளி என்று பட்டியல் நீளும். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் உரிமையாளர் யார் என்று எழுதுங்கள். நாளிதழ் என்றால் அச்சிட்டு வெளியிடுபவர், ஆசிரியர் ஆகியோரின் பெயர்கள் அந்த இதழிலேயே சிறிய எழுத்தில் இருக்கும்.

தமிழ்த் தொலைக்காட்சிகளைப் பொறுத்தவரை இந்த வேலை ஓரளவு எளிது. 1993இல் தொடங்கிய சன் டிவி, தி.மு.க. தலைமைக் குடும்பத்தின் உறவினர்களுடையது. கலைஞர் தொலைக்காட்சி (2007) பெயரிலேயே தன்னைச் சொல்லிவிடுகிறது. மக்கள் தொலைக்காட்சி பா.ம.க.வுக்கும், கேப்டன் டிவி தே.மு.தி.க.வுக்கும் நெருக்கமானவை என்பதை மறைக்க யாரும் முயன்றதில்லை. இவற்றுள் மிகுந்த பாடம் தருவது ஜெயா டிவியின் கதை. 1999இல் தொடங்கி அ.தி.மு.க.வின் குரலாகவே அறியப்பட்ட அந்த அலைவரிசை, ஜெயலலிதாவின் மறைவுக்குப் பின் கட்சி பிளவுபட்டபோது சசிகலா குடும்பத்தின் கையில் நின்றுவிட்டதால், ஆட்சியில் இருந்த அ.தி.மு.க. 2018இல் நியூஸ் ஜெ என்ற புதிய அலைவரிசையைத் தொடங்க வேண்டியதாயிற்று. ஒரு கட்சி தனக்கென்று ஒரு தொலைக்காட்சியை எவ்வளவு அவசியமாகக் கருதுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

உண்மையில் கட்சித் தொலைக்காட்சி அவ்வளவு ஆபத்தானதல்ல, ஏனென்றால் அதன் கரை தெரிகிறது. தன்னை நடுநிலை என்று அழைத்துக்கொள்ளும் ஊடகத்தில்தான் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். தேசிய அளவில் நெட்வொர்க் 18 குழுமம் 2014இல் ரிலையன்ஸ் வசமும், என்டிடிவி 2022 இறுதியில் அதானி குழுமத்தின் வசமும் சென்றன. உரிமையாளரின் பிற தொழில்கள் அரசின் முடிவுகளை நம்பி இருக்கும்போது, அந்தத் தொழில்களைப் பற்றிய செய்தி அந்த ஊடகத்தில் எப்படி வருகிறது, அல்லது வராமலே போகிறது என்பதைக் கவனிக்கலாம். அப்படிப் பெரிய உரிமையாளர் யாரும் இல்லாமல் அரசு விளம்பரத்தை நம்பி நடக்கும் சிறு இதழுக்கும் இதே நிலைதான். விளம்பரத்தை நிறுத்திவிட முடிந்தவர் யாரோ அவருக்கு ஆசிரியரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டிய தேவைகூட இருப்பதில்லை.

இரண்டாம் படி: செய்தி, கருத்து, விளம்பரம் மூன்றையும் பிரித்து வையுங்கள்

நேற்று நடந்தது என்ன என்று சொல்வது செய்தி. அது நல்லதா கெட்டதா என்று சொல்வது கருத்து. இடத்தைக் காசு கொடுத்து வாங்கிச் சொல்வது விளம்பரம். மூன்றும் ஊடகத்தில் இருக்க உரிமை உள்ளவை. ஒன்று மற்றொன்றின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவதுதான் தவறு.

காசு வாங்கிக்கொண்டு செய்தி போலவே அச்சிடப்படும் விளம்பரத்தைப் பெய்டு நியூஸ் என்கிறார்கள். 2009 மக்களவைத் தேர்தலின்போது இது பெருகிவிட்டதாக எழுந்த புகார்களை இந்தியப் பத்திரிகை மன்றம் ஆராய்ந்து 2010இல் அறிக்கை வெளியிட்டது. 2007 உத்தரப் பிரதேசத் தேர்தலில் பிசௌலி தொகுதியில் வென்ற உம்லேஷ் யாதவ், செய்தி வடிவில் வந்த இத்தகைய விளம்பரத்தின் செலவைத் தன் தேர்தல் கணக்கில் காட்டவில்லை என்பதற்காக, 2011 அக்டோபரில் தேர்தல் ஆணையத்தால் மூன்றாண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். இந்தக் காரணத்துக்காகப் பதவியில் இருந்த சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் தகுதி இழந்தது அதுவே முதல் முறை. இங்கே சட்டம் பிடித்தது கணக்கில் காட்டாத செலவைத்தான் என்பது கவனிக்க வேண்டியது. வாசகர் ஏமாந்ததற்குத் தனியாக ஒரு தண்டனையும் இல்லை.

அடையாளம் காண்பது எப்படி என்றால், இரண்டு போட்டி நாளிதழ்களை ஒரே நாளில் அருகருகே வைத்துப் படியுங்கள். வேட்பாளர் சென்ற இடமெல்லாம் மக்கள் வெள்ளம், வெற்றி உறுதி என்ற வாக்கியம் இரண்டிலும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்து, நிருபரின் பெயர் இல்லாமல், எதிர்த்தரப்பின் ஒரு வரிகூட இல்லாமல் வந்திருந்தால் அது எழுதப்பட்ட இடம் பத்திரிகை அலுவலகமாக இருக்க வாய்ப்பு குறைவு. அதே பக்கத்தில் எதிர் வேட்பாளரின் வெற்றியும் அதேபோல் உறுதியாகியிருப்பதை நீங்கள் பார்க்க நேரிடலாம். இரண்டு பேரிடமும் காசு வாங்கியிருந்தால் அப்படித்தான் நடக்கும்.

இணையத்தில் வரும் விளம்பரத்துக்கு இன்னும் நேரடியான வழி உண்டு. மெட்டா நிறுவனத்தின் விளம்பர நூலகத்திலும் கூகுளின் விளம்பர வெளிப்படைத்தன்மை மையத்திலும் அரசியல் விளம்பரங்களைத் தேடி, யார் பணம் கட்டினார்கள், ஏறத்தாழ எவ்வளவு என்பதை யாரும் பார்க்கலாம். ஒரு கட்சியின் அதிகாரப்பூர்வப் பக்கத்தைவிட, மண்ணின் பெருமை பேசும் பெயரோ நகைச்சுவைப் பெயரோ வைத்துக்கொண்டு ஒரு தலைவரை மட்டும் நாள்தோறும் கிண்டல் செய்யும் பக்கங்களை அங்கே தேடிப் பாருங்கள்.

மூன்றாம் படி: காணொளியை அதன் ஊருக்கும் தேதிக்கும் திருப்பி அனுப்புங்கள்

இந்தப் படியில்தான் புதியவர்கள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள் என்பதால், ஒரே ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு சற்று நின்று பார்ப்போம்.

2023 மார்ச் முதல் வாரத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்ற தலைப்புடன் சில காணொளிகள் வட இந்தியாவில் வேகமாகப் பரவின. இந்தி நாளிதழ் வரைக்கும் அது செய்தியாக ஏறியது. பீகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது; பீகார் அரசு நான்கு அதிகாரிகள் கொண்ட குழுவைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பியது. அன்றைய தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு தாமே ஒரு காணொளியில் தோன்றி விளக்கம் அளித்தார். பரவிய காட்சிகளில் ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது. மற்றொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்தது.

ஆக, காட்சிகள் பொய்யல்ல. ரத்தமும் அடியும் உண்மை. மேலே ஒட்டப்பட்ட தலைப்புதான் பொய். அந்த வாரம் ரயில் நிலையங்களில் வட மாநிலத் தொழிலாளர்கள் கூட்டமாக நின்றதும் உண்மை. மார்ச் 8 ஹோலி என்பதால் அவர்கள் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆனால் ஏற்கெனவே தலைப்பை நம்பிவிட்டவரின் கண்ணுக்கு அந்தக் கூட்டம் உயிருக்குப் பயந்து ஓடும் கூட்டமாகவே தெரிந்தது. கைதேர்ந்த பரப்புரை வேலை செய்யும் விதம் இதுதான்: இரண்டு மூன்று உண்மைகளைப் பொறுக்கி எடுத்து, நடுவில் ஒரு பொய்யைச் சுண்ணாம்பு போலப் பூசிவிட்டால், கல் எல்லாம் உண்மையானதாக இருக்கும்போதே சுவர் பொய்யாகிவிடும்.

இப்படிப்பட்ட காணொளி வந்தால் செய்ய வேண்டியவை சிலவே. காட்சியை நிறுத்தி, முகமோ கடைப் பலகையோ தெளிவாகத் தெரியும் இடத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தைக் கொண்டே தேடும் கூகுள் லென்ஸில் கொடுத்தால், அதே படம் இதற்கு முன் எங்கே எப்போது வெளிவந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். கடைப் பலகையின் எழுத்து, வண்டியின் பதிவெண், பேருந்தின் நிறம், பின்னணியில் கேட்கும் மொழி ஆகியவை ஊரைக் காட்டிக்கொடுக்கும். தலைப்பு சொல்லும் ஊரின் உள்ளூர்ச் செய்தியாளர்கள் அதைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள்; திருப்பூரில் அத்தனை கொலை நடந்திருந்தால் திருப்பூர் பதிப்பில் அது வராமல் இருக்காது. இவற்றோடு ஏன் இப்போது என்றும் கேட்டுப் பாருங்கள். அந்த மார்ச் 1 அன்றுதான் பீகாரின் அன்றைய துணை முதல்வர் தேஜஸ்வி யாதவ் சென்னையில் மு.க. ஸ்டாலினின் பிறந்தநாள் பொதுக்கூட்டத்தில் கலந்துகொண்டிருந்தார். நம் மக்கள் அடிபடும் மாநிலத்தில் போய் விருந்தாடுகிறார் என்று பீகாரின் எதிர்க்கட்சி அதை உடனே கையில் எடுத்தது. வதந்தியை அவர்கள்தான் கிளப்பினார்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஒரு வதந்தி யாருக்குப் பயன்படுகிறதோ அவர் கையில் அது வேகமாக ஓடும் என்பதே இதற்குப் பொருள்.

வட இந்தியர்கள் ஏமாளிகள் என்று நாம் இங்கே சிரித்துக்கொள்வதற்கு முன் ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். அதே ஆண்டு ஜனவரியில், திருப்பூரில் பனியன் நிறுவனம் ஒன்றின் அருகே சிறு தகராறில் தொடங்கிய மோதலின் காணொளி, வட மாநிலத்தவர் தமிழர்களை விரட்டி அடிக்கிறார்கள் என்ற தலைப்புடன் தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. அதை அனுப்பியவர்கள் நம் மாமன் மச்சான்கள்தான். நமக்கு எதிரான பொய்யைக் கண்டுபிடிக்க யாருக்கும் பயிற்சி தேவையில்லை. நம் கோபத்துக்குத் தீனி போடும் பொய்யைக் கண்டுபிடிக்கத்தான் பயிற்சி தேவை. அதனால் சரிபார்ப்பதை எப்போதும் உங்களுக்குப் பிடித்த செய்தியிலிருந்து தொடங்குங்கள்.

வெட்டப்பட்ட முடிவையும் கவனிக்க வேண்டும். 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற பெயரில் இந்தியா முழுக்கச் சுற்றிய காணொளி ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். கடத்தியவரே குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். அந்த ஆண்டின் பிள்ளை பிடிப்போர் பீதியில், மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக அடித்தே கொல்லப்பட்டார்.

நியூஸ் கார்டு எனப்படும், தொலைக்காட்சியின் சின்னத்துடன் வரும் ஒற்றைப் படச் செய்திக்கு இவ்வளவு உழைப்பு தேவையில்லை. எந்த அலைவரிசையின் பெயரில் வந்ததோ அதன் சொந்தப் பக்கத்துக்குப் போய் அதே தேதியில் அந்தக் கார்டு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். எழுத்துரு வேறாக இருப்பது, ஒற்று தவறியிருப்பது, ஒரு தலைவர் தன் கட்சியையே கெடுக்கும்படி பேசியிருப்பது ஆகியவை போலிக் கார்டுகளில் அடிக்கடி தென்படும்.

செயற்கை நுண்ணறிவால் செய்த குரலையும் முகத்தையும் பற்றி இப்போது எல்லோரும் அஞ்சுகிறார்கள். 2024 ஜனவரியில் சேலத்தில் நடந்த தி.மு.க. இளைஞரணி மாநாட்டில் கருணாநிதி பேசினார். அடுத்த மாதம் அ.தி.மு.க. வெளியிட்ட ஒலிப்பதிவில் ஜெயலலிதா பேசினார். இருவரும் மறைந்துவிட்டவர்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததால் அதில் யாரும் ஏமாறவில்லை. உயிரோடு இருப்பவரின் குரலில், மங்கலான ஒலியுடன், ரகசியமாகப் பதிவு செய்தது போல வரும் உரையாடலைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதைக் காதால் மட்டும் கேட்டு உண்மையா போலியா என்று தீர்மானிக்க முடியும் என்று நினைக்க வேண்டாம். முழு உரையாடல் எங்கே, பதிவு செய்தவர் யார், சம்பந்தப்பட்டவர் என்ன பதில் சொன்னார் என்று கேளுங்கள்.

நான்காம் படி: சொல்லையும் சொல்லாமல் விட்டதையும் கவனியுங்கள்

ஒரே மிக்ஸியை ஒருவர் இலவசம் என்கிறார், மற்றொருவர் நலத்திட்டம் என்கிறார். 2011க்குப் பின் அ.தி.மு.க. அரசின் ஆவணங்களில் அது விலையில்லாப் பொருள் என்று ஆனது. மூன்று சொல்லும் ஒரே பொருளைத்தான் குறிக்கின்றன, ஆனால் முதல் சொல்லைக் கேட்டவர் வாங்குபவரைப் பற்றி இளக்காரமாக நினைக்கத் தொடங்குகிறார். இரண்டாவதைக் கேட்டவர் கொடுப்பவருக்கு நன்றி சொல்லத் தொடங்குகிறார். செய்தியில் இப்படி ஒரு சொல் கண்ணில் பட்டால், அதை எடுத்துவிட்டு எதிர்த்தரப்பின் சொல்லை அந்த இடத்தில் வைத்து வாக்கியத்தை மறுபடி படியுங்கள். உங்கள் கோபமோ பெருமிதமோ மாறினால், அதைக் கிளப்பியது நடப்பல்ல, சொல்தான்.

சொல்லாமல் விட்டதைப் பிடிப்பது இதைவிடக் கடினம். மாலை விவாத நிகழ்ச்சியின் தலைப்பை ஒரு வாரம் குறித்து வைத்து, அதே வாரத்தில் உங்கள் தெருவில் பேசப்பட்டவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊரில் குடிநீர் வராததைப் பற்றிய பேச்சு ஓடிக்கொண்டிருக்க, நெறியாளர் ஐந்து நாளும் ஒரு நடிகரின் ஒரு வாக்கியத்தை அலசிக்கொண்டிருந்தால், அங்கே ஒரு பொய்யும் சொல்லப்படவில்லை. ஆனாலும் எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்ற முடிவை உங்களுக்குப் பதிலாக வேறு யாரோ எடுத்துவிட்டார்.

இருந்தாலும் ஊடகத்தின் வலிமையை மிகைப்படுத்திக்கொள்ள வேண்டாம். 2004 தேர்தலுக்கு முன் இந்தியா ஒளிர்கிறது என்ற விளம்பரத்தைப் பெரும் பொருட்செலவில் மத்திய அரசு நாடு முழுக்க ஓடவிட்டது. கணிப்புகளும் ஆளும் கூட்டணியையே முன்னே காட்டின. அந்தக் கூட்டணி தோற்றது. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் ஒன்றில்கூட அதற்கு வெற்றி கிடைக்கவில்லை. ஒளி தன் வீட்டுக்கு வரவில்லை என்பது வாக்காளருக்குத் தெரிந்திருந்தது. சொந்த அனுபவத்தால் அளக்க முடிந்த விலைவாசி, சாலை, கூலி போன்றவற்றில் பரப்புரைக்குப் பிடிமானம் குறைவு. நாம் நேரில் பார்க்காத தொலைதூர ஊர், வேறு சாதி, வேறு மதம், எல்லைப் போர் ஆகியவற்றில்தான் அது தாராளமாக விளையாடுகிறது.

ஐந்தாம் படி: கருத்துக் கணிப்பை வானிலை அறிக்கையாகப் படிக்காதீர்கள்

யார் நடத்தினார்கள், யார் பணம் கொடுத்தார்கள், எத்தனை பேரிடம், எந்தத் தேதிகளில், நேரிலா தொலைபேசியிலா என்ற ஐந்தும் இல்லாத கணிப்பை ஒதுக்கிவிடலாம். வாக்கு விழுக்காட்டைத் தொகுதிகளாக மாற்றும் கணக்கில்தான் பெரும்பிழை நேர்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில், வாக்களித்து வெளியே வருபவர்களிடம் கேட்டு எடுத்து ஜூன் 1 அன்று வெளியான எக்ஸிட் போல் கணிப்புகள் பெரும்பாலும் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 தொகுதிகளுக்கு மேல் கொடுத்தன. மூன்று நாள் கழித்துக் கிடைத்தது 293.

ஆறாம் படி: சட்டம் எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவுப்படி, தேர்தல் துண்டறிக்கையிலும் போஸ்டரிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வீட்டுத் திண்ணையில் விடியற்காலையில் கிடக்கும் அவதூறு நோட்டீஸில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தொலைக்காட்சி, வானொலி, சமூக ஊடகம் ஆகியவற்றுக்கான அரசியல் விளம்பரங்களை, ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவிடம் முன்கூட்டியே காட்டிச் சான்று பெற வேண்டும். பெய்டு நியூஸ் புகாரையும் மாவட்ட அளவில் இதே குழு விசாரிக்கிறது. தேர்தல் நடத்தை விதிமீறலைப் படம் எடுத்து சி-விஜில் செயலியில் ஏற்றினால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை நிலையைச் சொல்ல வேண்டும் என்பது ஆணையத்தின் ஏற்பாடு. வேட்பாளரின் சொத்து, வழக்கு விவரங்களை யாரோ சொல்லித் தெரிந்துகொள்ளத் தேவையே இல்லை. அவர் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் ஆணையத்தின் தளத்திலேயே இருக்கிறது.

மத்திய அரசுக்குப் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் உண்மை சரிபார்ப்புப் பிரிவும், தமிழ்நாடு அரசுக்குத் தனியாக ஒன்றும் உள்ளன. வதந்தியை மறுக்க அவை உதவும். எனினும் அரசைப் பற்றிய ஒரு குற்றச்சாட்டைப் பொய் என்று அந்த அரசின் பிரிவே அறிவிக்கும்போது, அதை ஒரு தரப்பின் பதிலாகப் படிக்க வேண்டும், தீர்ப்பாகப் படிக்கக் கூடாது. அரசு தொடர்பான செய்திகளைப் போலி என்று முத்திரையிடும் அதிகாரத்தை மத்திய அரசின் பிரிவுக்குத் தந்த 2023ஆம் ஆண்டு விதியைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது.

ஏழாம் படி: குடும்பக் குழுவில் என்ன செய்வது

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியுடன் வரும் செய்தி, குறைந்தது ஐந்து கை மாறி உங்களிடம் வந்திருக்கிறது என்று பொருள். அனுப்பிய பெரியப்பா அதை எழுதவில்லை, எழுதியவரை அவருக்குத் தெரியாது. எல்லோர் முன்னிலையிலும் இது பொய் என்று போட்டு உடைத்தால், அவர் செய்தியைக் காப்பாற்ற மாட்டார், தன் மரியாதையைக் காப்பாற்றத் தொடங்கிவிடுவார். தனியாக அழைத்து, பெரியப்பா, இது வேறு ஊரில் நடந்ததாம், இதோ பாருங்கள் என்று காட்டினால், பெரும்பாலும் அவரே நீக்கிவிடுவார். மறுப்பதற்காகக்கூட அந்தக் காணொளியைத் திரும்ப அனுப்பாதீர்கள். நீங்கள் எழுதிய மறுப்பு வழியிலேயே உதிர்ந்துவிடும், காணொளி மட்டும் மேலே போகும்.

வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் தொலைக்காட்சியில் தேர்தல் பரப்புரை கூடாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவு சொல்கிறது. மைக் செட்டுகளும் அடங்கிவிடும். ஆனால் அந்த இரண்டு நாளும் உங்கள் கைப்பேசி அடங்கப்போவதில்லை. மறுப்பு வந்து சேர நேரம் இல்லை என்பது தெரிந்தே, மோசமான சரக்குகளைக் கடைசி இரவுக்கென்று எடுத்து வைத்திருப்பார்கள். அந்த 48 மணி நேரத்துக்குள் முதன்முதலாகக் காதில் விழுந்து, சரிபார்க்கவும் முடியாத எந்த ஒன்றையும், அது எத்தனை அதிர்ச்சியானதாக இருந்தாலும், வாக்குப்பதிவு முடியும்வரை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.